பொதுஜனத் தொடர்புப் பயிற்சியும் நாடுகாணி வாலிபரும்

கலாசாலைப் பரீட்சை முடிந்து பட்டமும் கையுமாக வெளிவரும் வாலிபர்களைக் கோடை மாதங்களில் சம்பளம் கொடுத்துப் பொதுஜனத் தொடர்பு வேலையில் பழக்குவது மேனாடுகளில் நெடுநாளைய வழக்கம். நம் நாட்டிலும் சென்னை, பெங்களூர், பம்பாய் முதலிய நகரங்களில் உள்ள விளம்பரக் கம்பெனிகள் இவ்விதப் பயிற்சியை அளித்து வருகின்றன. அவற்றுள் சம்பளம் தருவனவும் உண்டு. அனுபவமே சம்பளம் என்று சொல்லிக் கையை விரிப்பனவும் உண்டு. இத்தகைய பயிற்சி ஒன்று, சம்பளத்துடன், நீலகிரி ஜில்லாவின் மேற்குக் கோடியில் உள்ள நாடுகாணியில் சர்க்கார் செலவில் நடைபெற வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். நேயர்களில் சிலர் இதைக் கேட்டு நகைக்கக் கூடும். யானை நடமாடும் காட்டோரத்தில், தேயிலைச் செடிக்கும் சோதனைச் சாவடிக்கும் நடுவே, என்ன விளம்பரம், யாருக்கு விளம்பரம் என்று அவர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை சொல்வதற்குச் சற்றுப் பழைய கதையைச் சொல்லவேண்டியிருக்கிறது.

நாடுகாணி என்பது கூடலூருக்கும் பந்தலூருக்கும் இடையே, தேவாலாவுக்கு அருகில், நிலம்பூருக்கு இறங்கும் மலைப்பாதையின் தலைவாசல். அங்கே நின்று கீழே பார்த்தால் மலையாள நாடு காலடியில் விரிந்து கிடக்கும். பெயரே அதைத்தான் சொல்கிறது. நாட்டைக் காணும் இடமாக அது இருந்ததேயன்றி, நாடு அதைக் கண்டதில்லை. அவ்வூரையும் அதன் சுற்றுப்புறத்தையும் பற்றி லோகம் முழுவதும் பேசிய காலம் ஒன்று மட்டும் உண்டு. 1879 முதல் 1881 வரையில் தேவாலாவிலும் பந்தலூரிலும் தங்கம் கொழிக்கிறது என்று லண்டன் பங்குச் சந்தையில் முழக்கம் எழுந்தது. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாகாணத்துச் சுரங்க இலாகாவில் உத்தியோகம் பார்த்த ப்ரோ ஸ்மித் என்பவரை இந்திய சர்க்கார் வரவழைத்து அறிக்கை எழுதச் செய்தனர். அவ்வறிக்கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாற்பது கம்பெனிகளுக்குமேல் முளைத்தன. சுமார் 50 லட்சம் பவுன் மூலதனம் காகிதத்தில் ஏறிற்று. பந்தலூர்க் காட்டில் ஹோட்டலும் பங்களாக்களும் எழுந்தன. பாறையை இடித்து அரைத்துப் பார்த்தபோது தங்கம் இருந்தது. ஆனால் அரைத்த செலவுக்குக் காணவில்லை. சில வருஷங்களுக்குள் யந்திரங்கள் துருப்பிடித்துக் கிடந்தன. கட்டிடங்களைக் காடு மூடிற்று. லண்டனில் முதலைப் போட்டு இழந்தவன் அழுதது பத்திரிகைகளில் வந்தது. அந்தப் பாறையைச் சுமந்த பணியனும் குறும்பனும் என்ன நினைத்தார்கள் என்பதை எழுதிவைத்தவர் இல்லை. விளம்பரம் என்னும் வித்தை நாடுகாணிப் பிரதேசத்தில் கால் வைத்தது அப்படித்தான்.

தங்கம் போனபின் தேயிலை வந்தது. தேயிலையின் கதை இன்னும் ருசிகரமானது. 1903-ஆம் வருஷத்தில் தோட்ட முதலாளிகளே வேண்டிக் கேட்டுக்கொண்டதன்பேரில் தேயிலை வரிச் சட்டம் பிறந்தது. ஏற்றுமதியாகும் தேயிலையின்மேல் வசூலித்த அச்சிறு வரி முழுவதும் பிரசாரத்துக்கென்றே ஒதுக்கப்பட்டது. முதல் முப்பது வருஷ காலம் பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இப்பணம் செலவாயிற்று. 1930-களில் உலகச் சந்தை சரிந்து தேயிலை மூட்டைகள் தேங்கியபோதுதான் இந்தியனுக்கும் நாக்கு உண்டு என்பது அவர்களுக்கு ஞாபகம் வந்தது. உடனே நம் வாலிபர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி, சந்தைகளிலும் ரயில் நிலையங்களிலும் வீட்டுத் திண்ணைகளிலும் தேநீர் போட்டுக் காட்டச் செய்தனர். இத்தனை ஸ்பூன் இலை, இத்தனை நிமிஷம், கொதிநீர் எப்படி என்று படம் போட்ட தட்டிகள் ஊரெல்லாம் தொங்கின. பதப்படுத்திச் சொன்னால், தமிழ்நாட்டில் பொதுஜனத் தொடர்பில் சம்பளப் பயிற்சி பெற்ற முதல் வகுப்பார்களில் இந்தத் தேநீர்ப் பிரசாரகர்களும் அடங்குவர். தேநீரைக் கண்டித்து மகாத்மா எழுதினார், பி. ஸி. ராய் எழுதினார். பிரசாரம் நின்றபாடில்லை. 1947-இல் அன்னதா முன்ஷி என்னும் கெட்டிக்காரச் சித்திரக்காரர் தேயிலைச் சந்தை விஸ்தரிப்பு போர்டுக்காக வரைந்த ஒரு படத்தில், ஒரு ஸ்திரீ ராட்டையின் முன் அமர்ந்திருக்கிறாள். அருகில் தேநீர்க் கோப்பை. தேயிலை நூற்றுக்கு நூறு சுதேசி என்று வாசகம்! எந்த ராட்டையைச் சுற்றியதற்காக நம்மவர் சிறை சென்றார்களோ அதே ராட்டையைக் கொண்டு தேயிலை விற்றார்கள். இந்தத் தொழிலின் சாமர்த்தியத்தை யாரும் குறைவாக மதிக்க வேண்டாம்.

அந்தப் படத்திலும் கொழுந்து பறிப்பவள் இல்லை. பிற்காலத்தில் தேயிலைப் படங்களில் அவள் சிரித்த முகத்துடன் வந்தாள். சிரித்த முகத்துடன் மட்டுமே வந்தாள். அவள் யார்? 1964-ஆம் வருஷம் அக்டோபர் 30-ந் தேதி, லால் பகதூர் சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயகாவும் கடிதங்களை மாற்றிக்கொண்டனர். இலங்கையில் நாடற்றவராக நின்ற 9,75,000 இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பின்னால் பேசுவது என்று முடிவாயிற்று. மிச்சத்தை 1974-இல் இரு சர்க்காரும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டனர். பண்டத்தை நிறுப்பதுபோல் மனிதரை நிறுத்த இக்காரியத்தில் அம்மனிதர்களுடைய சம்மதத்தை முன்கூட்டிக் கேட்டறிந்தவர் எவருமில்லை. அவ்வாறு கப்பலேறி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968-இல் தமிழ்நாட்டுச் சர்க்கார் நீலகிரியில் தேயிலைத் திட்டம் ஒன்றைத் தொடங்கினர். அதுவே பின்னர் டான்டீ என்று வழங்கும் தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. பந்தலூர், சேரம்பாடி, கொளப்பள்ளி, தேவாலாப் பக்கங்களில் இன்று லயன் வீடுகளில் வாழ்வோரில் பலர் அவர்களும் அவர்தம் மக்களும் பேரரும் ஆவர். 2022-இல் நஷ்டத்தைக் காரணம் காட்டி அக்கழகத்தின் நிலத்தில் சுமார் 2,150 ஹெக்டேரை வன இலாகாவுக்குத் திருப்பிவிடச் சர்க்கார் உத்தரவிட்டபோது, நாம் எங்கே போவது என்ற கலக்கம் லயன்களில் பரவிற்று, கிளர்ச்சியும் நடந்தது. உத்தரவின் நியாய அநியாயத்தை இங்கே நாம் ஆராய வரவில்லை. வனம் வளர வேண்டும் என்பதில் நமக்கும் விரோதமில்லை. வீடு யாருக்கு, வேலை எவ்வளவு காலம், ஓய்வுபெற்றவர் கதி என்ன என்னும் மூன்று கேள்விகளுக்கு விடையை எழுதி, உத்தரவு வெளியாகுமுன்பே வீடு வீடாகச் சென்று சொல்ல நாலு வாலிபர் இருந்திருந்தால் அக்கலக்கத்தில் பாதி குறைந்திருக்கும் என்பதே நாம் சொல்வது. அந்த விடைகளே சர்க்காரிடம் இல்லையென்றால், இல்லை என்ற செய்தியையாவது கோட்டைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பார்கள்.

பொதுஜனத் தொடர்பு என்ற பெயரைக் கேட்டதும் தேசபக்தர்கள் முகம் சுளிப்பதற்குக் காரணம் உண்டு. அதன் பூர்வோத்தரம் அப்படி. இன்று பத்திரிகைத் தகவல் காரியாலயம் என்று வழங்கும் இந்திய சர்க்கார் ஸ்தாபனம், 1919 ஜூனில் உள்நாட்டு இலாகாவின்கீழ் சிறு பிரிவாக ஆரம்பிக்கப்பட்டது. அலகாபாத் சர்வகலாசாலையில் சரித்திரம் போதித்த ரஷ்புரூக் வில்லியம்ஸ் அதற்குத் தலைவர். பார்லிமெண்டின்முன் வைப்பதற்கு இந்தியாவைப் பற்றிய அறிக்கை தயாரிப்பது அதன் முக்கிய வேலை. ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்தது அதே வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி என்பதை நேயர்களுக்கு நாம் நினைவூட்டவேண்டியதில்லை. அந்தக் காரியாலயத்துக்கு ஓர் இந்தியர், ஜே. நடராஜன், தலைவராவதற்கு 1941 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் இத்தொழிலின் மூலபுருஷர்களில் ஒருவராகிய ஐவி லீ, எல்லாம் வெளிப்படை, எல்லாம் உண்மை என்று 1906-இல் பத்திரிகைகளுக்குப் பிரகடனம் அனுப்பினார். எட்டு வருஷங்கள் கழித்துக் கொலராடோவில் லட்லோ என்ற இடத்தில் வேலைநிறுத்தம் செய்த நிலக்கரித் தொழிலாளரின் கூடாரங்கள் எரிந்து, பெண்டு பிள்ளைகள் மாண்டபோது, சுரங்க முதலாளி ராக்பெல்லர் அமர்த்திக்கொண்டது இதே ஐவி லீயைத்தான். தொழிலாளர் தலைவர்களின் வருமானத்தைப் பன்மடங்கு பெருக்கிக் காட்டிய துண்டுப் பிரசுரங்கள் அவர் கையிலிருந்து வந்தன. பிரகடனம் எழுதத் தெரிவதும் அதன்படி நடப்பதும் வேறு வேறு வித்தை போலும்.

ஆயினும் இதே ஆயுதத்தை நம்மவர் எடுத்து வீசிய விருத்தாந்தமும் உண்டு. 1896-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய பாரிஸ்டர் காந்தி, ராஜகோட்டில் உட்கார்ந்து, அங்குள்ள இந்தியர் குறைகளை ஒரு சிறு புஸ்தகமாக எழுதினார். பச்சை அட்டை போட்ட அப்புஸ்தகத்தில் 10,000 பிரதிகள் அச்சாயின. அவற்றை மடித்து, உறையிட்டு, விலாசம் எழுதித் தபாலில் சேர்க்கக் கூலி கொடுக்க வழியில்லை. அவர் அண்டை அயலில் உள்ள சிறுவர்களைக் கூட்டி, பள்ளிக்கூடம் இல்லாத காலை வேளையில் இரண்டு மூன்று மணி நேரம் வேலை வாங்கினார். கூலியாகத் தாம் சேர்த்து வைத்திருந்த உபயோகித்த தபால் தலைகளைக் கொடுத்தார், ஆசீர்வாதமும் கொடுத்தாராம். பிள்ளைகள் குதூகலமாய் முடித்துவிட்டார்கள். அந்த வருஷம் அக்டோபரில் சென்னைப் பச்சையப்பன் மண்டபத்தில் அவர் பேசினார். டர்பனில் எஜமானனிடம் அடிபட்டுப் பல் உடைந்து ரத்தம் ஒழுக வந்து நின்ற பாலசுந்தரம் என்னும் தமிழ்க் கூலியின் கதை அங்கே சபையைக் குலுக்கிற்று. சென்னையிலேயே மறுபதிப்பு 10,000 பிரதிகள் போடவேண்டி வந்தது. ஒரு கூலியின் உடைந்த பல்லை ஒரு தேசத்தின் விஷயமாக்கிய காரியத்துக்குப் பொதுஜனத் தொடர்பு என்று பெயரிட்டால் தவறில்லை.

அப்புஸ்தகத்தின் சாரத்தை ராய்ட்டர் சில வரிகளாகச் சுருக்கி லண்டனிலிருந்து நேட்டாலுக்குத் தந்தி அடித்ததும், சுருக்கத்தில் விஷயம் திரிந்துபோனதும், 1897 ஜனவரி 13-ந் தேதி டர்பனில் இறங்கிய காந்தியை வெள்ளையர் கூட்டம் அடித்து உதைத்ததும் இப்பாடத்தின் மறுபாதி. சுருக்கி எழுதத் தெரியாதவன் கையில் தந்திக் கம்பியைக் கொடுக்கக்கூடாது. அதனாலேதான் பயிற்சி வேண்டும் என்கிறோம்.

இனிச் சம்பளத்துக்கு வருவோம். விஷயத்தின் மர்மஸ்தானம் இதுவே. தபால் தலைக் கூலி ராஜகோட்டுச் சிறுவர்களுக்குப் போதும்; அவர்களுக்கு வீட்டில் சோறு காத்திருந்தது. லயன் வீட்டிலிருந்து முதன்முதலாகப் பட்டம் பெற்று வந்த பெண்ணுக்கு அது போதாது. அவளை வளர்த்துப் படிக்க வைத்த தாய் அன்றாடம் கொழுந்து நிறுத்துக் கூலி பெறுகிறவள். மகள் இரண்டு மாதம் சம்பளமின்றி அனுபவம் சேகரிப்பதை அக்குடும்பம் தாங்காது. ஆகையால் சம்பளமில்லாப் பயிற்சி என்பது பார்வைக்கு எல்லோருக்கும் திறந்த கதவு. நடைமுறையில் தகப்பனார் பணத்தில் நகரத்தில் அறை எடுக்கக் கூடியவனுக்கு மட்டும் திறக்கும். அவன்தான் நாளை பத்திரிகைக் குறிப்பு எழுதுகிறவனாகவும், மந்திரிக்குப் பிரசங்கம் தயாரிக்கிறவனாகவும் வருகிறான். அவனுக்கு நாடுகாணி என்றால் வழியில் தேநீர் குடித்த இடம்.

இது நம் நாட்டில் மாத்திரம் உள்ள நோயன்று. அமெரிக்க ஜனாதிபதியின் வெள்ளை மாளிகையில் பயிற்சி பெறுவோருக்கே 2022-இல்தான் சம்பளம் வந்தது. மனித உரிமையை உலகுக்கு உபதேசிக்கும் ஐக்கிய நாடுகளின் செயலகம் சம்பளமின்றியே வேலை வாங்கி வந்திருக்கிறது.

இந்திய சர்க்கார் 2024-இல் பிரதம மந்திரி பயிற்சித் திட்டம் என்று ஒன்றை ஆரம்பித்தனர். ஐந்து வருஷத்தில் ஒரு கோடி வாலிபர்களுக்கு ஐந்நூறு பெரிய கம்பெனிகளில் பன்னிரண்டு மாதப் பயிற்சி, மாதம் ரூ. 5,000, அதில் ரூ. 4,500 சர்க்கார், ரூ. 500 கம்பெனி; தொடக்கத்தில் ஒருமுறை ரூ. 6,000. சம்பளம் உண்டு என்ற மட்டில் இதை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் முதல் சுற்றில் என்ன நடந்தது? 82,000 பேருக்குமேல் அழைப்புப் போயிற்று. ஏறக்குறைய 28,000 பேர் சரி என்றனர். வேலைக்கு வந்து சேர்ந்தவர் சுமார் 8,700 பேர். நம் வாலிபர் சோம்பேறிகள் என்று இதற்கு வியாக்கியானம் செய்வோர் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். ரூ. 5,000-ஐ 26 வேலை நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 192 ரூபாய். 2025-26-ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலையில் மண் வெட்டியவருக்கு நிர்ணயித்த கூலி 336 ரூபாய். பட்டதாரி ஒருவன் தன் ஊரைவிட்டு, வாடகைக்கு அறை எடுத்து, அதற்கும் குறைந்த கூலிக்கு உழைக்க மறுத்தால் அவனுக்குக் கணக்குத் தெரியும் என்றுதான் பொருள். பலர் வராததற்கு இடத்தின் தூரமும் காரணம் என்று சர்க்காரே பார்லிமெண்டில் சொல்லியிருக்கின்றனர். எனவே, வாலிபரைக் கம்பெனி இருக்குமிடத்துக்கு இழுப்பதை விட்டு, வேலை இருக்குமிடத்துக்குப் பயிற்சியைக் கொண்டுபோனால் என்ன?

நாம் சார்ந்த வக்கீல் தொழிலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் பிறரைக் குறைகூறுவது அழகல்ல. ஸீனியர்களிடம் ஜூனியராகச் சேர்ந்த வாலிபன் கட்டுகளைச் சுமப்பதும், வாய்தா வாங்குவதும், மாலையில் வெறுங்கையோடு வீடு திரும்புவதும் பரம்பரை வழக்கம். நாமும் அவ்வாறு சுமந்தவர்களே. நமக்குத் தகப்பனார் மணியார்டர் அனுப்பினார். அனுப்ப ஆளில்லாத நம் சகபாடி ஒருவர், நம்மினும் கூரிய புத்தியுள்ளவர், மூன்றாவது மாதத்தில் கறுப்பு அங்கியை மடித்து வைத்துவிட்டுக் கணக்கெழுதப் போய்விட்டார். சட்டம் அவரை இழந்தது. அவருக்கு ஒன்றும் நஷ்டமில்லை என்று அக்காலத்தில் எங்கள் ஸீனியர் சொன்னதை நாம் ஆமோதித்துச் சிரித்ததும் உண்டு. இப்பொழுது நினைத்தால் வெட்கமாயிருக்கிறது. 2024 ஜூனில் சென்னை ஹைகோர்ட்டார், ஜூனியர் வக்கீல்களுக்குச் சென்னை, மதுரை, கோயமுத்தூர் நகரங்களில் மாதம் குறைந்தது ரூ. 20,000-மும், மற்ற ஜில்லாக்களில் ரூ. 15,000-மும் கொடுக்க ஏற்பாடு செய்யும்படி பார் கவுன்ஸிலுக்கு உத்தரவிட்டனர். நியாயஸ்தலமே தன் வாசலில் நடந்த அநியாயத்தைக் காண இவ்வளவு காலம் ஆயிற்று.

நாடுகாணியில் இவ்வாலிபர்கள் செய்யக்கூடிய வேலை என்ன? குறைவில்லை. கூடலூரில் செக்‌ஷன் 17 என்றால் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். நிலம்பூர்க் கோவிலகத்தின் ஜன்ம நிலங்களைச் சர்க்கார் ஏற்ற 1969-ஆம் வருஷத்துச் சட்டத்தில் குத்தகை நிலங்களைப் பற்றிய பிரிவு அது. அதில் சிக்கிய நிலத்தில் குடியிருக்கும் ஏழைகள் பட்டாவுக்கும் மின்சார இணைப்புக்கும் அலைந்து அலைந்து தேய்ந்து போயிருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், இந்தச் சட்டம் உலகப் பிரசித்தி பெற்றது! 1972-இல் சுப்ரீம் கோர்ட்டு இதன் ஒரு பகுதியைத் தள்ளிற்று. 1974-இல் பார்லிமெண்டு இதை அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் ஏற்றிக் காப்பாற்றிற்று. அது செல்லுமா என்ற வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கூடி, 2007 ஜனவரி 11-ந் தேதி, 1973 ஏப்ரல் 24-க்குப்பின் அட்டவணையில் ஏறிய எந்தச் சட்டத்தையும் கோர்ட்டு பரிசீலிக்கலாம் என்று தீர்ப்பளித்தனர். ஐ. ஆர். கொயல்ஹோ வழக்கு என்று சட்டக் கலாசாலை மாணவர் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்யும் தீர்ப்பு இதுதான். லண்டனிலும் கேப் டவுனிலும் இதைப் பற்றி விரிவுரை நடக்கிறது. தேவாலாவில் ஓட்டு வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் கிழவருக்கு, ஐயா, உங்கள் வீடு அந்தச் செக்‌ஷனுக்குள் வருகிறதா, வந்தால் உங்களுக்கு எந்த அதிகாரியிடம் என்ன விண்ணப்பம் உண்டு என்று நல்ல தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பது சட்டப் பட்டம் பெற்ற ஒரு வாலிபனுக்கு ஒரு வாரத்து வேலை. 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டமும் அவ்வாறே. நம் மாகாணத்தில் கோர்ட்டுத் தடையால் 2008 முதல் 2016 வரையில் பட்டா வழங்குவது நின்றிருந்தது. தடை நீங்கியது என்ற செய்தி எத்தனை பாடிகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்டு வருவதும் பயிற்சியே.

பாஷையைப் பற்றியும் யோசிக்க வேண்டும். நாடுகாணிக் கடைவீதியில் அரை மணி நேரம் நின்றால் தமிழ், மலையாளம், கன்னடம் மூன்றும் காதில் விழும். பணியர் பேச்சு மலையாளத்துக்கு அணுக்கமானது. காட்டுநாயக்கர் பேச்சு கன்னடத்துக்கு அணுக்கமானது. சென்னையில் அச்சடித்த செந்தமிழ் நோட்டீஸை அங்குள்ள பாடி ஒன்றின் சுவரில் ஒட்டுவதும் ஒட்டாததும் ஒன்றே. அங்கேயே பிறந்த பட்டதாரிக்கு, முக்கியமாக ஆதிவாசிக் குடும்பத்துப் பட்டதாரிக்கு, நகரத்து விளம்பரக் கம்பெனி எவ்வளவு பணம் கொடுத்தும் வாங்க முடியாத மூலதனம் அந்தக் காது.

கோடைக்கு வேறொரு பொருத்தமும் உண்டு. ஹைகோர்ட்டு உத்தரவின்படி 2024 மே 7-ந் தேதி முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்று ஏற்பட்டது. 2025 கோடையில் நாளொன்றுக்குச் சாதாரண நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் விதிக்கப்பட்டது. நிலம்பூர்ப் பாதையில் ஏறி வரும் மலையாளக் குடும்பத்துக்கு, ஏன் இந்தத் தடை, பிளாஸ்டிக் பாட்டிலை ஏன் பிடுங்குகிறார்கள் என்பதை முகம் கோணாமல் அவர்கள் பாஷையில் சொல்ல ஆள் இல்லாவிட்டால், சாவடிக் காவலர் சொல்லும் விதத்தில்தான் சொல்வார். ஒரு நாளைக்கு நூறு தடவை அதே கேள்விக்கு விடை சொல்கிறவரை நாம் குறை சொல்லவில்லை.

எல்லாவற்றினும் முக்கியமானது யானை. வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்னும் ஸ்தாபனத்தார் வன இலாகாவோடு சேர்ந்து, யானைக் கூட்டம் இன்ன தோட்டத்தில் நிற்கிறது என்று தொழிலாளரின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பியும், உள்ளூர்த் தொலைக்காட்சியில் வரி ஓடவிட்டும், வழியில் சிவப்பு விளக்கு எரியவிட்டும் உயிர்ச் சேதத்தை வெகுவாகக் குறைத்தனர். பொதுஜனத் தொடர்பின் சிகரம் என்று நாம் கருதுவது இதை. சாயங்காலம் ஏழு மணிக்குக் கடையிலிருந்து லயனுக்குத் திரும்புகிறவனுக்கு அந்த ஒரு வரிச் செய்தி பொய்யாக இருந்தால் அவன் செத்தான், தாமதித்தாலும் செத்தான். புகழுரை எழுதிப் பழகிய கைக்கு இந்த வேலை வராது. கூடலூர், பந்தலூர் வட்டங்களில் யானையால் மாண்டவர் பெயர்களை நம் பத்திரிகையிலேயே எத்தனை முறை இரண்டு அங்குலச் செய்தியாகப் போட்டிருக்கிறோம்!

சர்க்கார் சம்பளம் கொடுத்தால் வாலிபர்கள் சர்க்காரின் துதிபாடிகளாகிவிட மாட்டார்களா என்று நண்பர் ஒருவர் நம்மைக் கேட்டார். ஆவார்கள், நிபந்தனை இல்லாவிட்டால். ஆகவே நிபந்தனை வேண்டும். மந்திரிகளின் படமோ அதிகாரிகளின் பெயரோ அவர்கள் தயாரிக்கும் எந்தத் தாளிலும் வரக்கூடாது. அவர்கள் ஜனங்களிடம் சொல்லிவிட்டு வந்ததை மட்டும் எழுதாமல், ஜனங்கள் திருப்பிச் சொன்னதையும் எழுத வேண்டும். அவ்வெழுத்து காரியாலயப் பெட்டியில் உறங்காமல் கிராம சபையில் உரக்க வாசிக்கப்பட வேண்டும். தோட்டக் கம்பெனிகளிடமிருந்தும் உல்லாச விடுதிக்காரரிடமிருந்தும் ஒரு காசு வாங்கக்கூடாது. ராக்பெல்லர் காசு என்ன செய்யும் என்பதைப் பார்த்தோம். உதகையிலிருந்து கூடலூர் சுமார் 50 கிலோமீட்டர்; ஜில்லா மக்கள் தொடர்பு அலுவலர் வாரம் ஒருமுறை கூடலூருக்கு இறங்கி வந்து பாடம் சொல்வது அசாத்தியமன்று. உள்ளூர்ப் பத்திரிகை நிருபரும், தொழிற்சங்கக்காரரும், பாடியின் மூப்பனும் கூட ஆசிரியராக இருக்கட்டும்.

செலவு? பயிற்சிச் சட்டத்தின்கீழ் 2019-இல் பட்டதாரிகளுக்கு விதித்த குறைந்தபட்ச உபகாரச் சம்பளம் மாதம் ரூ. 9,000. அதையே எடுத்துக்கொண்டால், இருபது பேருக்கு ஏப்ரல், மே இரண்டு மாதங்களுக்கு ரூ. 3,60,000. கூடச் சற்றுப் போட்டு மாதம் ரூ. 12,000 கொடுத்தாலும் ரூ. 4,80,000-தான். கோடை விழாவுக்குப் பந்தல் போடும் சர்க்காருக்கு இது ஒரு தொகையா? ஜூனில் மழை பிடித்துவிட்டால் அப்பக்கத்தில் வெளியே நடமாட முடியாது. ஆகையால் மார்ச்சிலேயே ஆட்களைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். கூடலூர் சர்க்கார் கலாசாலையில் கடைசிப் பரீட்சை எழுதுவோருக்கு முதல் உரிமை தரலாம்.

உபதேசம் செய்கிற நாம் என்ன செய்கிறோம் என்று கேட்கும் உரிமை நேயர்களுக்கு உண்டு. நமது காரியாலயத்துக்குக் கோடைதோறும் இரண்டொரு வாலிபர் பயிற்சிக்கு வருகின்றனர். காலையில் வந்து குவியும் செய்திக்குறிப்புகளைச் சுருக்கி எழுதுவது அவர்கள் வேலை. சில நாட்களில், ஆள் போதாமல், கம்பெனியும் இலாகாவும் அனுப்பிய குறிப்பை ஒரு வார்த்தை மாற்றாமல் அச்சுக்கு அனுப்பியதும் உண்டு. அது நமது குற்றம், அவர்களுடையதன்று. அவர்களுக்கு இதுவரை நாம் கொடுத்துவந்தது மத்தியானச் சாப்பாடும் ஒரு சான்றிதழும்தான். வருகிற ஏப்ரல் முதல் மேற்சொன்ன ரூ. 12,000 கொடுப்பது என்றும், இரண்டு இடங்களில் ஒன்றைக் கூடலூர், பந்தலூர் வட்டங்களைச் சேர்ந்தவருக்கு ஒதுக்குவது என்றும் தீர்மானித்திருக்கிறோம். அவர் சென்னைக்கு வரவேண்டியதில்லை. நாடுகாணியிலிருந்தே எழுதி அனுப்பலாம்; விண்ணப்பங்களைப் பிப்ரவரி முடிய எதிர்பார்க்கிறோம்.